கார்டு புதுசு, வேகம் பழசு!

வாசகர் கேள்வி – பதில்: கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டேன். 1080பி ரெசல்யூஷனில் (திரைப் புள்ளிகளின் அளவு) முன்பு 60 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு வரும் ஃப்ரேம், அதாவது படங்கள்), இப்போது 65. எல்லா செட்டிங்கையும் ‘லோ’வில் வைத்தாலும் அதே 65. கார்டு பழுதா? ப்ராசஸர் 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ராம் 16 ஜி.பி. டி.டி.ஆர்.4-3200, ஒரே ஸ்டிக்.

கார்டின் மேல் பழி போடாதீர்கள். ‘லோ’வில் வைத்தும் எண் அசையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. ஒரு ஃப்ரேமில் யார் எங்கே நிற்கிறார், எது எதில் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று பட்டியல் போடுவது ப்ராசஸர். பட்டியலைப் பார்த்து வரைவது கார்டு. விநாடிக்கு 65 பட்டியல்தான் வருகிறது என்றால், வரைபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்?

உறுதி செய்துகொள்ள, முதலில் வி-சிங்க் (ஃப்ரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடுவது), ஃப்ரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு, எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஜி.பி.யு. (கிராபிக்ஸ் கார்டு) உபயோகத்தைத் திரையில் காட்டச் செய்யுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது. அப்போது செட்டிங்கைக் குறைத்தால் பலன் தெரியும். 50, 60 என்று நின்றால் அது சும்மா காத்திருக்கிறது.

“ஆனால் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. (ப்ராசஸர்) 35 சதவீதம்தானே ஓடுகிறது?” என்பீர்கள். பலரையும் ஏமாற்றும் எண் அது. 12 த்ரெட்டில் ஒன்று மட்டும் நூறு சதவீதம் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது வெறும் 8 சதவீதம். பெரும்பாலான ஆட்டங்கள் ஒன்றிரண்டு த்ரெட்களின் தலையில்தான் பாரத்தை ஏற்றுகின்றன. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு. வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்’ என்று மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸ் அந்த வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருந்தால் இதுகூடத் தெளிவாகத் தெரியாது. அப்போதும் நம்ப வேண்டியது ஜி.பி.யு. எண்ணைத்தான்.

உடனே புது ப்ராசஸர் வாங்க ஓடவேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த ‘ஒரே ஸ்டிக்’. ஒரே ஸ்டிக் என்றால் ஒரே சேனல், அதாவது ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே ஒரே பாதை. போதாக்குறைக்கு, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்.எம்.பி. (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போடாத டி.டி.ஆர்.4-3200 பெரும்பாலும் 2133 அல்லது 2400-ல்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘ஸ்பீட்’ என்ன என்று பாருங்கள். 2133-ல் ஒற்றைச் சேனல் விநாடிக்கு 17 ஜி.பி. கடத்தும், 3200-ல் இரட்டைச் சேனல் 51 ஜி.பி. மூன்று மடங்கு! எஃப்.பி.எஸ். மூன்று மடங்கு ஆகிவிடாது. ஆனால் உங்களைப் போல ப்ராசஸர் பக்கம் சிக்கிக்கொண்ட கம்ப்யூட்டரில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது: அதே மாடலில் இன்னொரு ஸ்டிக். முடிந்தால் ஜோடியாக விற்கும் செட். வேறு வேறு மாடலைக் கலந்தால் எக்ஸ்.எம்.பி. வேகத்தில் நிலையாக ஓடாமல் தகராறு செய்யலாம். நான்கு ஸ்லாட் மதர்போர்டு என்றால், பெரும்பாலானவற்றில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போடவேண்டும். 1, 2 என்றோ 3, 4 என்றோ பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டு ஸ்டிக் இருந்தும் ஒரே சேனலாகிவிடும். பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி.யை இயக்குங்கள். சில ஏ.எம்.டி. மதர்போர்டுகளில் இதற்கு டி.ஓ.சி.பி. என்று பெயர், டி.டி.ஆர்.5 என்றால் எக்ஸ்போ என்றும் இருக்கும். மாற்றியபின் திரையே வரவில்லை என்றால் சீமாஸை க்ளியர் செய்து (பயாஸ் செட்டிங்கைப் பழையபடி ஆக்கி), ஒரு படி குறைந்த வேகத்தை முயலுங்கள். டி.டி.ஆர்.5 வைத்திருப்பவர்கள் மட்டும் அவசரப்படக் கூடாது. முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் கறுப்புத் திரையாகவே இருக்கும், நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

அதுவரை, கார்டில் மிச்சமிருக்கும் தெம்பை வீணாக்காதீர்கள். டெக்ஸ்சர் (பரப்புகளின் நுணுக்கம்), ஆன்டி-அலியாசிங் (ஓரங்களின் சொரசொரப்பை மழுக்குவது), ரெசல்யூஷன் மூன்றையும் ஏற்றிவிடுங்கள். அதே 65 எஃப்.பி.எஸ்.ஸில் அழகான படம் கிடைக்கும். குறைக்க வேண்டியவை கூட்டத்தின் அளவும் பார்வைத் தூரமும். அவைதான் ப்ராசஸரைப் பிழிபவை. ரே ட்ரேசிங்கும் (ஒளி, நிழலை நிஜம்போல் கணக்கிடுவது) அந்தக் கணக்கில் சேரும், கார்டு வேலை என்று நினைத்து அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கேமிங் லேப்டாப்பில் எந்த ஆட்டம் போட்டாலும் சரியாக 30 எஃப்.பி.எஸ். ஒன்று கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

திணறும் கம்ப்யூட்டரில் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆணி அடித்தாற்போல் நின்றால், எங்கோ ஒரு வரம்பு போடப்பட்டிருக்கிறது. சார்ஜர் இல்லாமல் ஆடுகிறீர்களா? என்விடியா லேப்டாப்புகளில் உள்ள ‘பேட்டரி பூஸ்ட்’ சார்ஜரைக் கழற்றியதும் ஃப்ரேம் ரேட்டைக் கட்டிப்போடும். சார்ஜரில் இருக்கும்போதும் 30தான் என்றால், ஆட்டத்தின் வி-சிங்க்கை அணைத்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் (விநாடிக்கு 60 முறை படம் மாற்றுவது) ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 17 ஆகிவிட்டால் பஸ்ஸைத் தவறவிட்ட கதைதான்: அடுத்த முறை வரை காத்திருந்து 33.3 மில்லி விநாடியில் போய்ச் சேரும். அதனால் 58 வரவேண்டிய இடத்தில் 30 வரும்.

இன்னொன்று: கூடவே வந்த பெரிய சார்ஜரை விட்டுவிட்டு, 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஆடினாலும் வேகம் பாதாளத்துக்குப் போகும். ஆனால் அப்போது எண் இப்படி ஒரே இடத்தில் நிற்காது.

கேள்வி: ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிறது. பத்து நிமிடத்தில் எஃப்.பி.எஸ். 110-லிருந்து 70-க்கு இறங்கிவிடுகிறது.

சூடு. ஆனால் எதன் சூடு, எந்த வகைச் சூடு என்று தெரியாமல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசுவது) மாற்ற உட்காராதீர்கள். ஹெச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற மென்பொருளைப் பின்னால் ஓடவிட்டு, வெப்பத்தையும் க்ளாக்கையும் (ப்ராசஸர், கார்டு ஓடும் வேகம்) சேர்த்துப் பாருங்கள். வெப்பம் ஏறி க்ளாக் இறங்கினால்தான் குற்றம் நிரூபணம். இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. முழுப் பாரத்தில் அந்த எண்ணைத் தொட்டு நிற்பதே அதன் வடிவமைப்பு என்பதால், 95-ஐப் பார்த்து மட்டும் பதறவேண்டாம்.

ஏறும் விதமே பாதி நோயைச் சொல்லிவிடும். பாரம் ஏறிய சில நொடிகளிலேயே எல்லைக்குப் பாய்ந்தால் கூலர் ப்ராசஸரோடு சரியாக ஒட்டவில்லை: திருகு தளர்வு, காய்ந்த பேஸ்ட், லிக்விட் கூலரில் ஓடாத பம்ப், அல்லது உரிக்க மறந்த பிளாஸ்டிக் தாள். சிரிக்காதீர்கள், அந்தத் தாள் அடிக்கடி நடக்கும் விஷயம். உங்களைப் போலப் பத்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் காற்றோட்டம் அல்லது தூசி. பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து ஆடிப் பாருங்கள். 5, 10 டிகிரி இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்று போதவில்லை என்று பொருள். தூசியை ஊதும்போது மின்விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

வெப்பம் சாதாரணமாக இருந்தும் க்ளாக் விழுந்தால்? ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் வி.ஆர்.எம். பகுதி கொதிக்கலாம். ஹீட்சிங்க் இல்லாத எளிய மதர்போர்டில் அதிக கோர் ப்ராசஸர் போட்டால் வரும் வினை இது.

கேள்வி: எஃப்.பி.எஸ். மீட்டர் 90 காட்டுகிறது. ஆனால் திடீர் திடீரென்று உதறுகிறது. கார்டில் 8 ஜி.பி. மெமரி.

சராசரி எண் உதறலை மறைத்துவிடும். 90 எஃப்.பி.எஸ். என்றால் ஃப்ரேமுக்கு 11 மில்லி விநாடி. நடுவில் ஒன்றே ஒன்று 80 எடுத்துக்கொண்டால், மீட்டர் 84-க்குத்தான் இறங்கும். கண்ணுக்கோ ஏழு ஃப்ரேம் நேரம் படம் உறைந்து நிற்கும். எனவே ஆஃப்டர்பர்னரில் ‘1% லோ’வையும் (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் எஃப்.பி.எஸ்.) ஃப்ரேம் டைம் வரைபடத்தையும் போட்டுக்கொண்டு, எப்போது உதறுகிறது என்று கவனியுங்கள்.

ஓர் இடத்துக்கு முதல் முறை போகும்போது மட்டும் உதறி, மறுமுறை சீராக இருந்தால் அது ஷேடர் (ஒளி, நிறம் கணக்கிடும் சிறு நிரல்) கம்பைல் ஆகும், அதாவது கார்டுக்கு ஏற்றபடி தயாராகும் நேரம். ஆட்டம் தொடங்கும்போது ‘கம்பைலிங் ஷேடர்ஸ்’ என்று வந்தால் தாண்டிப் போகாதீர்கள். டிரைவர் புதுப்பித்தபின் இது மறுபடி வருவது இயல்பு.

ஆடஆட மோசமாகி, திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் உதறினால் கார்டின் மெமரி நிரம்பிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு ஜி.பி.யு. மெமரி’ (கார்டு கடன் வாங்கும் ராம்) ஏறிக்கொண்டே போகும். கார்டின் சொந்த மெமரி விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஜி.பி. வேகம், வழிந்தது போய்வரும், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பி.சி.ஐ.இ. 4.0 எக்ஸ்16 பாதையில் 32 ஜி.பி.தான். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து, ஆட்டத்தை மூடித் திறந்து பாருங்கள். ஆட்டத்தில் குதிரையிலோ காரிலோ வேகமாகப் போகும்போது மட்டும் உதறினால், ஆட்டம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினால் போதும்.

கேள்வி: ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டதும் 35 எஃப்.பி.எஸ். என்பது 65 ஆனது. ஆனால் மவுஸ் சேற்றில் இழுப்பது போல் இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றைப் புனைந்து செருக, இரண்டாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தியே ஆகவேண்டும். உங்கள் கைக்குப் பதில் சொல்வது இன்னும் அந்த 35தான். முதலில் டி.எல்.எஸ்.எஸ். அல்லது எஃப்.எஸ்.ஆர். (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் வசதிகள்) ‘குவாலிட்டி’யைப் போடுங்கள். 1440பி திரைக்கு அது உள்ளே 960பி-தான் வரையும், கார்டின் சுமை குறையும். நிஜ ஃப்ரேம் 60-ஐ நெருங்கியபின் ஜெனரேஷனைச் சேர்த்தால் சுகமாக இருக்கும்.

கேள்வி: புது கார்டு, புது மானிட்டர். எந்த ஆட்டமும் 20-ஐத் தாண்டவில்லை. டாஸ்க் மேனேஜரில் கார்டு 0 சதவீதம்.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரின் பின்புறம், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் ப்ராசஸருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருப்பதால் படம் வந்துவிட்டது. பெயரின் முடிவில் ‘எஃப்’ உள்ள இன்டெல் ப்ராசஸராக இருந்திருந்தால் திரையே வந்திருக்காது, அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். கேபிளை மாற்றிய கையோடு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டையும் பாருங்கள். புது மானிட்டர் 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும் விண்டோஸ் அதை 60-ல் விட்டிருக்கக்கூடும்.