யோசனைக்குப் பட்டா கிடையாது

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மனதில் தோன்றும் விசித்திரமான ஐடியாக்களை நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். அதில் ஒன்றை இணையதளமாக்க ஆசை. சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் இரண்டு சொந்தக்காரர்கள், ‘பேசத் தயார்’ என்று தனித்தனியாக, ரகசியமாகப் பதியலாம். இருவரும் பதிந்தால்தான் இருவருக்கும் தகவல் போகும். ஒருவர் மட்டும் பதிந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு ஆலோசகர், 45,000 ரூபாய் கட்டினால் இந்த ஐடியாவுக்கே பேடன்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதுவரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாதாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட.

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வேலித் தகராறில் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தார்கள். இருவருக்குமே பேச ஆசைதான். ‘அவன் முதலில் வரட்டும்’, ‘அவர் முதலில் கூப்பிடட்டும்’ என்பதிலேயே ஒன்பது வருஷம் போனது. உங்கள் தளம் அந்த ‘முதலில்’ என்பதைத் தூக்கிவிடுகிறது.

சட்டத்துக்கு வருவோம். கணித முறை, வியாபார முறை, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், அல்காரிதம் இவற்றுக்கெல்லாம் காப்புரிமை, அதாவது பேடன்ட், கிடையாது என்கிறது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு. உங்கள் யோசனை அப்படியே அதற்குள் விழுகிறது. ‘சாஃப்ட்வேருக்கும் சிலர் வாங்கியிருக்கிறார்களே’ என்பார் ஆலோசகர். வாங்கியிருக்கிறார்கள், அது வேறு கதை, உங்களுக்கு வேண்டாம்.

பிறகு எந்தத் தைரியத்தில் அவர் 45,000 கேட்கிறார்? தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. தனிநபர் ஆன்லைனில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். இரண்டு பக்கம் எதையாவது எழுதி ஏற்றினாலும் ஒரு எண் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற மாதிரிதான். உங்களுக்கு என்ன நோய் என்று டோக்கன் கொடுப்பவர் பார்ப்பதில்லை. அந்த ரசீதை உங்கள் கையில் கொடுத்து ‘பேடன்ட் ஆகிவிட்டது’ என்பார் ஆலோசகர். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும் என்பதைச் சொல்ல மாட்டார். என்னிடம் வந்த ஒருவர் அப்படி ஒரு ரசீதை லேமினேட் செய்து, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார். தேதியைப் பார்த்தேன். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

காப்புரிமை முகவர் என்றால் அதற்கான தகுதியோடு பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் ஆலோசகர் அதில் இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இந்த மாதிரி ஆட்கள் பெருகியதற்குப் பாதிக் காரணம் நம் நிர்வாக முறைதான். விண்ணப்பத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் தரவேண்டும் என்று விதி. அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் தமிழில் யோசித்ததைத் தமிழில் எழுதிக் கொடுக்க வழியில்லை. நடுவில் தரகர் முளைக்காமல் என்ன செய்வார்?

பேடன்ட் கிடைக்காது என்று நீங்கள் சொன்னதும், ‘சரி, காப்பிரைட் போடலாம்’ என்பார். யோசனைக்குக் காப்பிரைட் இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. இன்னொரு கைவைத்தியமும் உலவுகிறது: யோசனையை எழுதிக் கவரில் போட்டு, தனக்கே தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைப்பது. அந்தத் தேதியில் அந்தக் காகிதம் இருந்தது என்பதற்கு வேண்டுமானால் அது சாட்சியாகும். உரிமை எதுவும் அதிலிருந்து பிறக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் சொன்ன ரகசியத்தைச் சட்டம் காக்கும். 2002ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. டிவியில் சுயம்வரம் நடத்தும் நிகழ்ச்சிக்கான கருத்தைச் சிலர் விரிவாக எழுதி ஒரு சேனலிடம் கொடுத்திருந்தார்கள். பிறகு அதே சாயலில் சேனல் தானே ஒன்றை அறிவித்தது. வழக்குப் போட்டவர்களுக்குத் தடையுத்தரவு கிடைத்தது. சுயம்வரம் புராண காலத்துச் சங்கதிதான். இருந்தாலும் அதை நிகழ்ச்சியாக விரித்து எழுதியிருந்தார்கள், ரகசியம் என்று சொல்லி ஒப்படைத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த வருஷம் மும்பை உயர் நீதிமன்றமும் ஒரு டிவி தொடர் விஷயத்தில் இதே வழியில் போனது.

இதை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடையில் சொன்னது சேராது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது சேராது, மாமாவிடம் கல்யாணப் பந்தியில் சொன்னதும் சேராது. ‘ஒரு ஐடியா சொல்கிறேன், ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும், என் சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது, ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ‘சரி’ என்று பதில் வந்த பிறகு விவரத்தை அனுப்புங்கள். இந்த வரிசை முக்கியம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அப்புறம் ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். வரிசையைச் சரியாகச் செய்தாலும் வழக்கு நடத்தத் தெம்பு வேண்டும். வாய்தா மேல் வாய்தா வாங்கி முடிப்பதற்குள், உங்கள் தளத்துக்கு வரவேண்டிய சொந்தக்காரர்கள் தாமாகவே சமாதானம் ஆகிவிடுவார்கள்.

அதனால் ‘வாய் திறக்காதே’ என்ற அறிவுரை உங்களுக்கு விஷம். பெரியப்பா பதிந்து, அப்பாவுக்கு இப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாவிட்டால் என்ன ஆகும்? ஒன்பது வருஷம் பத்தாகும். ஊருக்கெல்லாம் தெரிந்தால்தான் இது ஓடும். 2005ல் அலெக்ஸ் டியூ என்ற 21 வயது இங்கிலாந்து இளைஞர், ஒரே ஒரு இணையப் பக்கத்தைப் பத்து லட்சம் புள்ளிகளாகப் பிரித்து, புள்ளி ஒரு டாலர் என்று விளம்பரத்துக்கு விற்றார். ஆகஸ்டில் தொடங்கி ஜனவரிக்குள் விற்றுத் தீர்ந்தது. ஒரே ராத்திரியில் காப்பியடிக்கக்கூடிய யோசனை. நிறைய பேர் அடிக்கவும் செய்தார்கள். எல்லோரும் பேசியது முதலில் வந்ததைப் பற்றித்தான்.

நீங்கள் பூட்டிவைக்க வேண்டியவை வேறு. ஒன்று பெயர். தளத்துக்கு வைக்கிற பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கோ சேவைக்கோ, 4,500 ரூபாய். பதிவானால் பத்து வருஷத்துக்கு உங்களுடையது, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். விண்ணப்பம் போட்ட பிறகு, அரசு முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு ‘கூடுதல் கட்டணம்’ கேட்டுக் கடிதம் வந்தால், விண்ணப்ப எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, தளத்தை உருவாக்கித் தரப்போகிற தம்பி. உங்கள் ஆலோசகரைவிட எனக்கு இவர் விஷயத்தில்தான் பயம். கெட்டவர் என்பதால் இல்லை. யாரும் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை, அதனால். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதிய புரோகிராம் முதலாளிக்குச் சொந்தம். வெளியாளிடம் காசு கொடுத்து எழுதி வாங்கினால், கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் பத்திரம் இல்லாதவரை அது எழுதியவருக்கே சொந்தம். காசு கொடுத்த ரசீது போதாது. பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். துபாயில் இருக்கும் சித்தப்பாவும் பதிய வேண்டுமானால், ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று ஒரு வரி சேருங்கள். இந்த இடத்தில் காப்புரிமை என்றால் காப்பிரைட். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்கவிட்டதும் தரகர்களுக்கு வசதியாகிவிட்டது.

டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, அந்தத் தம்பி தன் பெயரில் எடுத்துவிட்டு, ‘வருஷா வருஷம் நானே கட்டிவிடுகிறேன் அண்ணா’ என்பார். அன்பாகத்தான் சொல்வார். பிறகு அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும், நம்பர் மாறும், டொமைன் காலாவதியாகும். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும்.