துவாஸ் டீசல் ஆலையில் மிஞ்சும் கிளிசரால் எங்கே போகிறது?

"சிங்கப்பூரின் துவாஸில் அவ்வளவு பெரிய புதுப்பிக்கத்தக்க டீசல் ஆலை இருக்கிறதே, அங்கே மிஞ்சும் கிளிசராலை உருப்படியான வேதிப்பொருளாக மாற்ற முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே கிளிசரால் என்ற பிசுபிசுப்பான திரவம் மிஞ்சுவதே இல்லை. நெஸ்டே நிறுவனம் 2010 முதல் அங்கு நடத்திவரும் ஆலை, எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து டீசல் தயாரிக்கிறது. அம்முறையில் கொழுப்பு மூலக்கூறின் கிளிசரால் பகுதி புரொப்பேன் வாயுவாகிவிடுகிறது. எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்யும் வழக்கமான பயோடீசல் ஆலைகளில்தான், 10 டன் டீசலுக்கு ஏறத்தாழ 1 டன் என்ற கணக்கில், கிளிசரால் சேர்கிறது. செம்பனை எண்ணெயிலிருந்து பெருமளவில் பயோடீசல் தயாரிக்கும் இந்தோனேசியாவும் மலேசியாவும் நமக்கு அண்டை வீடுகள் என்பதால், உங்கள் கேள்வி இங்கே பொருத்தமானதே.

மாற்ற முடியும். ஆனால் சிக்கல் வேதிவினையில் இருப்பதைவிட மூலப்பொருளின் அழுக்கில்தான் அதிகம் இருக்கிறது. ஜூரோங்கில் ஓர் ஆலையில் கிளிசரால் சுத்திகரிப்புப் பிரிவில் நான் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். கருப்பட்டிப் பாகு போன்ற நிறத்தில் வரும் அந்தக் கச்சாப் பொருளில் மெத்தனால், நீர், சவர்க்காரம், வினையூக்கியை நடுநிலையாக்கியதில் உருவான உப்பு எல்லாம் கலந்திருக்கும். கிளிசரால் 290 டிகிரி செல்சியஸில் கொதிப்பதற்குள் சிதையத் தொடங்கிவிடுமாகையால் அதை வெற்றிடத்தில்தான் வடிக்க வேண்டும். அப்படி வடிக்கும்போது பின்தங்கும் உப்பு கலனின் அடியில் இறுகிக்கொள்ள, அதைச் சுரண்டி எடுப்பதிலேயே எங்கள் பல இரவுப் பணிகள் கழிந்தன. அந்த உப்பை நீக்காமல் விட்டாலோ, அடுத்த கட்டத்தில் விலை உயர்ந்த வினையூக்கி கெட்டுவிடும்.

சுத்தமாக்கியபின் வழிகள் பல உண்டு. செம்பும் குரோமியமும் கலந்த வினையூக்கியின் துணையுடன், சுமார் 200 டிகிரியில், முதலில் ஒரு நீர் மூலக்கூற்றை நீக்கி அசிட்டால் என்ற இடைப்பொருளாக்கி, பின்பு ஹைட்ரஜன் சேர்த்தால், உறைதடுப்புத் திரவங்களில் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கால் கிடைக்கும். இந்த முறைக்காக அமெரிக்கப் பேராசிரியர் கேலன் சப்பஸ் 2006இல் அந்நாட்டின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றார். ஆனால் மூலக்கூற்று எடைப்படி, 1 டன் கிளிசராலிலிருந்து கோட்பாட்டளவில்கூட 826 கிலோவுக்கு மேல் கிடைக்காது. மீதி நீராகப் போய்விடும், ஹைட்ரஜன் செலவோ தனி. மூலப்பொருள் மலிவாக இருந்தாலும் கணக்கு இறுக்கமாவது இதனால்தான். நீரை மட்டும் நீக்கி, அக்ரிலிக் பொருட்களுக்கு மூலமாகும் அக்ரோலின் செய்யலாம். அதில் வினையூக்கியின் மேல் கரி படிந்து விரைவில் செயலிழந்துவிடும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது எபிகுளோரோஹைட்ரின். கிளிசராலுடன் ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்துப் பின் காரத்தால் வினைப்படுத்தும் இம்முறையில், தாய்லாந்தின் மாப் தா புட்டில் சொல்வே குழுமம் 2012இல் ஆண்டுக்கு 1,00,000 டன் திறனுள்ள ஆலையைத் தொடங்கியது. பசைகளிலும் பூச்சுகளிலும் பயன்படும் எபாக்சி பிசினுக்கு எபிகுளோரோஹைட்ரினே மூலப்பொருள். முன்பெல்லாம் பெட்ரோலியத்திலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்து, அதிலிருந்து கிளிசரால் செய்தார்கள். இப்போது அதே பாதையில் எதிர்த்திசையில் நடக்கிறோம்.