கத்தரியை வெட்டினால் தழைக்கிறது. அழகுக்கு வளர்க்கும் ராயல் பாம் மரத்தின் தலையை வெட்டினால் ஏன் சாகிறது?

காய்ப்பு ஓய்ந்த கத்தரியை அரையடி விட்டு வெட்டிப் பாருங்கள். சில நாளில், இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே பச்சை மணி போல மொட்டு முட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு இலைக்கோணத்திலும் உறங்கும் மொட்டு அது. நுனி போனதும் விழித்துக்கொள்கிறது.

ராயல் பாமுக்கு அந்த வழி இல்லை. தென்னையைப் போல அதுவும் ஒருவித்திலைத் தாவரம். மரம் முழுவதற்கும் உச்சியில் ஒரே குருத்துதான். இலைக்கோணத்து மொட்டு பூக்குலையாகத்தான் வெளிவரும், கிளையாகாது. தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் அடுக்கும் இல்லாததால், அரிவாள் பட்ட காயம் கடைசிவரை மூடாது.

அழகுச்செடியான அரிக்கா பாம் புதராக வளர்வது; ஒரு தண்டு போனாலும் பக்கக் கன்றுகள் பிழைக்கும். ஆனால் ராயல் பாம் உயர்ந்துவிட்டதென்று தயவுசெய்து தலையில் கைவைக்காதீர்கள். காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள்.