செவிலியராகவும் தன்னார்வலராகவும் இருக்கும் ஒருவர் தேர்தலில் நின்றால், அந்த அனுபவம் அரசியலுக்கு உதவுமா?

உதவும், ஆனால் பலரும் முதலில் சொல்லும் காரணத்தால் அன்று. செவிலியர் என்றாலே கருணை, பொறுமை, தாயுள்ளம் என்று அடுக்குவது வழக்கம். பதினெட்டு ஆண்டுகள் வார்டில் பணிபுரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரவுப் பணியில் விடியும் நேரத்துக்குள் கருணை வற்றிவிடும். அப்போதும் வேலை பிசகாமல் நடக்கிறதென்றால், அது பழக்கத்தாலும் பதிவேட்டாலும்தான்.

பணி மாறும் வேளையைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். போகிறவரும் வருகிறவரும் ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, டிரிப்ஸ் எவ்வளவு மீதமிருக்கிறது, காலையிலிருந்து சிறுநீர் எவ்வளவு பிரிந்திருக்கிறது, மருத்துவரிடம் எதைச் சொல்லியாயிற்று, சொல்லியும் அவர் இன்னும் வந்து பாராதது எது என்று ஒன்றுவிடாமல் பேசி ஒப்படைக்க வேண்டும். எழுதாதது செய்யாததற்குச் சமம் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். மக்கள் கொடுக்கும் மனுவுக்கும் இதுதான் தேவை: யாரிடம் வந்தது, எப்போது வந்தது, எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்கும் முன்பே சொல்லத் தெரிந்த ஒருவர். (மருத்துவமனைப் பிரிவுக்கும் உள்ளாட்சித் தொகுதிக்கும் வார்டு என்றே பெயர் அமைந்தது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.)

தன்னார்வப் பணி தரும் அறிவு வேறு. மருத்துவமனையில் நோய் வந்த பிறகுதான் ஆளைப் பார்க்கிறோம்; வீட்டுக்குப் போனால்தான், குணமாகிப் போனவர் ஏன் ஒரே மாதத்தில் திரும்பி வந்தார் என்பது தெரிகிறது. மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆளில்லை, அல்லது மாடிப்படி இறங்கி மறுபரிசோதனைக்கு வர முடியவில்லை. ஒருவர் வீட்டில் நாம் படித்துச் சொல்லலாம், கைத்தாங்கலாக இறக்கியும் விடலாம். நூறு வீட்டிலும் அதுவே நிலைமை என்றால், விதியையும் நிதி ஒதுக்கீட்டையும் மாற்றும் இடத்தில் யாராவது உட்கார வேண்டியிருக்கிறது.

அமெரிக்கச் செவிலியர் கரோலின் மெக்கார்த்தியின் கதை இதற்குப் பொருந்தும். 1993 டிசம்பரில் நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் ரயிலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கணவரை இழந்து, படுகாயமுற்ற மகனையும் பராமரிக்க வேண்டியிருந்த அவர், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்கான தடையை நீக்கத் தம் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரே வாக்களித்ததைக் கண்டு, 1996 தேர்தலில் அவரை எதிர்த்தே நின்று வென்றார். 2015 தொடக்கம் வரை அவையில் இருந்தார். எட்டி பெர்னிஸ் ஜான்சன் மனநலச் செவிலியராக இருந்து 1972-இல் டெக்சாஸ் சட்டமன்றத்துக்கும், 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கும் தேர்வானார். காங்கிரஸுக்குள் நுழைந்த முதல் பதிவுபெற்ற செவிலியர் அவரே. நமக்குப் பக்கத்திலிருந்தே போனவர் சோஜன் ஜோசப். கேரளத்தில் பிறந்து பிரிட்டனில் மனநலச் செவிலியரான அவர், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஆஷ்ஃபோர்ட் தொகுதியில், 1997 முதல் அங்கே வென்றுவந்த டேமியன் கிரீனைத் தோற்கடித்தார்.

இனி எச்சரிக்கை. நாங்கள் அக்கா என்று அழைக்கும் மூத்த செவிலியர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உள்ளாட்சித் தேர்தலில் நின்றபோது, வாக்குக் கேட்க நானும் உடன் போனேன். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா அவர் இல்ல, சிஸ்டர்" என்று கண்கலங்கினார். உடன் வந்த இளைஞர் ஒருவர், மறுநாள் கூட்டத்தில் இதை மேடையில் சொல்ல வேண்டும் என்றார். அக்கா அங்கேயே மறுத்துவிட்டார். அந்த வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. நன்றி என்று சொல்லத் தொடங்கினாலே அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வேட்பாளருக்குக் கைகொடுக்கக்கூடிய சிறந்த கதைகள் அனைத்தும் செவிலியர் வாய் திறக்கக் கூடாத கதைகளாகவே இருப்பதுதான் இந்தத் தொழிலிலிருந்து வருபவரின் உண்மையான இடைஞ்சல். சீருடையில் படம் எடுத்துச் சுவரொட்டி அடிப்பதையும் நான் இதே காரணத்தால் விரும்புவதில்லை. படுக்கையில் கிடந்தவர் அந்த உடையை நம்பியது வாக்குக்காக அன்று.

அக்கா தோற்றுவிட்டார். வீடு வீடாகக் கேட்டு எழுதிய குறைகள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய இருந்தன. பதவியேற்பு முடிந்த வாரத்தில் அதை எடுத்துக்கொண்டு வென்றவர் வீட்டுக்குப் போய், பணி மாறும்போது செய்வதைப் போலவே பக்கம் பக்கமாக விளக்கி ஒப்படைத்தார். வாங்கியவருக்குத்தான் அது சற்றுச் சங்கடமாக இருந்தது.