தொட்டிக்குப் புதுசா வந்த கேட்ஃபிஷ்: கேள்வி பதில்

காரைக்குடி: ஆறு ஆல்பினோ கோரி (அடியில மேயுற சின்னக் கெளுத்தி) வாங்கி ரெண்டடித் தொட்டியில விட்டிருக்கேன் அண்ணே. மூலையிலயே கிடக்குதுங்க. திடீர்னு மேல பாஞ்சு காத்தைக் குடிச்சிட்டு இறங்குதுங்க. பிழைக்குமா?

பிழைக்கும். கோரிக்குக் குடல் வழியாவும் மூச்சு உண்டு, அதனால அப்பப்ப மேல வர்றது இயல்புதான். ஓயாம வந்துகிட்டே இருந்து, செவுளும் படபடன்னு அடிச்சா, தண்ணியில அம்மோனியா (மீன் கழிவுல வர்ற விஷம்) இருக்கான்னு சோதிச்சுப் பாருங்க. புது ஃபில்டர்ல அந்த விஷத்தை முறிக்கிற பாக்டீரியா பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, அது மாறி வர்ற நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துல நிக்கிற வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணியை மாத்துங்க. குழாய்த் தண்ணியா இருந்தா ஆன்டி குளோரின் கலந்த பிறகுதான் ஊத்தணும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில காட்டிக் கழுவாதீங்க, தொட்டியிலருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க.

அடியில கூரான கலர் கல் கிடந்தா அள்ளி வெளிய போட்டுட்டு, அலசின நைஸ் மணல் ஒரு அங்குலம் போடுங்க. கூர்க்கல்லும் அதுல தங்குற அழுக்கும் சேர்ந்தா மீசை தேஞ்சு, தீனி தேட முடியாமப் போயிரும். தீனி ராத்திரி விளக்கணைச்ச பிறகு. அடியில போய் உக்கார்ற வில்லைதான் வேணும். காலையில மிச்சம் கிடந்தா அளவைக் குறைங்க.

பிடிக்கணும்னா வலை வேண்டாம், டப்பாவால அள்ளுங்க. துடுப்பு முள்ளு வலையில மாட்டினா இழுக்காதீங்க, வலையைக் கத்தரிங்க.

கானாடுகாத்தான்: முற்றத்துல பிடிச்ச மழைத்தண்ணி செப்பு அண்டாவுல இருக்கு. போர் தண்ணி ஒரே உப்பு. மழைத்தண்ணியை மட்டும் ஊத்தலாமா?

கூடாது ஆச்சி. முதல்ல அந்த அண்டா. மழைத்தண்ணியில உப்புச்சத்தே இல்லாததால செம்பை மெதுவா அரிச்சு எடுக்கும். மனுஷன் குடிச்சா ஒண்ணும் தெரியாத அளவே செதிலில்லாத மீனுக்கு விஷமாகலாம். பித்தளைப் பாத்திரமும் அப்படித்தான், அதுலயும் செம்பு இருக்கு. பிளாஸ்டிக் டிரம்மில பிடிங்க. ஓட்டுத் தூசியும் காக்கா எச்சமும் கழுவிப்போற முதல் மழையை விட்டுருங்க.

அடுத்தது, வெறும் மழைத்தண்ணியில பிஹெச்சை (தண்ணியோட புளிப்புத்தன்மையைக் காட்டுற அளவு) தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. மீன் கழிவு சேரச் சேர அது இறங்கிட்டே வந்து, ஒரு கட்டத்துல ஃபில்டர் பாக்டீரியாவே வேலையை நிறுத்திரும். போர் தண்ணியும் மழைத்தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. விகிதத்தை அடிக்கடி மாத்தாதீங்க.

தேவகோட்டை: பாசி தின்ன ‘டேங்க் கிளீனர்’ ஒண்ணு வாங்கினேன். தனித் தீனி வேணுமா?

வேணும். அது சக்கர் கெளுத்தி, கடைக்காரர் வச்ச பேரை நம்பிப் பட்டினி போடாதீங்க. வெந்த சுரைக்காய்த் துண்டு, அடிவில்லை, ஒரு மரக்கட்டை. உங்க தொட்டியை அது சுத்தம் பண்ணாது, அதோட கழிவை நீங்கதான் சுத்தம் பண்ணணும். ஒன்றரை அடி வளரும்.

தேவகோட்டை: வளர்ந்ததும் ஊரணியில விட்டுட்டாப் போச்சு. கொசுப்புழுவையாவது தின்னட்டுமே.

விடவே விடாதீங்க. அது அடியைச் சுரண்டித் தின்ற மீன். கொசுப்புழு இருக்கிறது மேல்மட்டத்துல.

புதுவயல்: ஒத்த மீன் எப்படிண்ணே பெருகும்? ரொம்பத்தான் பயமுறுத்துறீங்க.

உங்க பக்கத்து வீட்டுக்காரரும் இதே கணக்குப் போட்டுத்தான் ஒண்ணு விடுவார். ஊரணிக்கு அது ரெண்டு. இந்த மீன் முட்டை போட கரையில மூணடி ஆழத்துக்குக்கூட வளை தோண்டும், மண்கரை சரியும். மேலெல்லாம் ஓட்டுக்கவசம்ங்கிறதால வேற மீன் அதைத் தின்ன முடியாது. மீன் பிடிக்கிறவர் வலையும் கிழியும். தண்ணி கெட்டாலும் வயித்தால காத்தை இழுத்துத் தப்பிச்சிரும், சாகிறது நம்ம ஊர் கெளுத்தியும் கெண்டையும்தான். தமிழ்நாட்டுக் குளங்கள்லயும் ஆறுகள்லயும் ஏற்கெனவே இறங்கிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க 2000-லயே தடை வந்ததும் இப்படி உள்ளூர் மீனை அழிக்கும்கிறதாலதான்.

புதுவயல்: அப்ப அதைக் கொல்லச் சொல்றீங்களா?

கடையில திருப்பிக் கொடுங்க, பெரிய தொட்டி வச்சிருக்கவங்களுக்குக் கொடுங்க. வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டா அதே குடும்பத்துச் சின்ன மீனான பிரிசில்நோஸ் வாங்கச் சொல்வேன், அது அஞ்சு அங்குலத்தைத் தாண்டறது அபூர்வம்.

பள்ளத்தூர்: வெள்ளைப்புள்ளி நோய். கல்லுப்புப் போடலாமா, மருந்தா?

கோரிக்கு உப்பு ஆகாது. மருந்துல செம்பு இருந்தா வாங்காதீங்க. வேற மருந்துன்னா புட்டியில போட்டிருக்கிற அளவுல பாதியில தொடங்குங்க. ஃபில்டருக்குள்ள கார்பன் இருந்தா எடுத்துருங்க, இல்லேன்னா மருந்தை அது உறிஞ்சிரும்.

கோட்டையூர்: சித்திரை வெயில்ல தண்ணி 32 டிகிரி. ஐஸ்கட்டி போடலாமா?

போடாதீங்க, வெப்பம் திடீர்னு இறங்கினா அதுவே நோவு. மூடியைத் திறந்து வலை கட்டி, டேபிள் ஃபேனைத் தண்ணிமேல திருப்புங்க. ரெண்டு மூணு டிகிரி குறையும். ஆவியாகிற தண்ணி உப்பைத் தொட்டியிலயே விட்டுட்டுப் போறதால, குறைஞ்ச அளவுக்கு மட்டும் மழைத்தண்ணியை ஊத்துங்க. ஏர் பம்ப் ராத்திரியும் ஓடணும்.

காரைக்குடி (வேறொருவர்): மேல வந்து காத்துக் குடிக்குதே, சாகப்போகுதா?

முதல் பதிலைப் படிங்க.

செட்டிநாடு: கடையில சுறான்னு கொடுத்தாங்க, மூணு அங்குலம். ரெண்டடித் தொட்டி போதுமா?

அது சுறா இல்ல, பங்காசியஸ்ங்கிற கெளுத்தி. மூணடிக்கு மேல வளரும், மிரண்டா கண்ணாடியில முட்டி மூக்கு உடையும். இன்னைக்கே திருப்பிக் கொடுங்க. ஊரணிப் பக்கம் போகாதீங்க.