வெயில், டைட்டானியா, ஊரணித் தண்ணீர்: கேள்வி பதில்

கானாடுகாத்தான்: வெறும் வெயிலிலேயே கிருமி சாகும் என்கிறார்களே, டைட்டானியம் டை ஆக்சைடு எதற்கு சார்?

சாகும், மெதுவாக. தெளிந்த தண்ணீரைப் பெட் பாட்டிலில் ஊற்றி நல்ல வெயிலில் 6 மணி நேரம் வைக்க வேண்டும். மூட்டமாக இருந்தால் 2 நாள். டைட்டானியா, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு தூள், அந்த நேரத்தைக் குறைக்கிறது. சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி பட்டால் அனடேஸ் (டைட்டானியாவின் ஒரு படிக வகை) துகளில் எலக்ட்ரான் இடம்பெயர்ந்து ஒரு துளை விடும். துளை, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் அரிக்கும் துடிப்பான துண்டை உண்டாக்கும்; கிருமியைக் கொல்வது அதுதான். எலக்ட்ரானைக் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லையென்றால் எலக்ட்ரான் துளைக்கே திரும்பிவிடும், வேலை நடக்காது. அதனால் முக்கால் பாட்டில் நிரப்பி, 20 விநாடி நன்றாகக் குலுக்கி, அப்புறம் மீதியை ஊற்றுங்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: தூள் போட்டு வெளிச்சத்தில் வைத்தும் முதல் 20 நிமிடம் பாக்டீரியா எண்ணிக்கை குறையவே இல்லை. தூள் கெட்டுப்போனதா சார்?

இல்லைம்மா. ரேடிக்கல் முதலில் செல்லின் வெளிச்சுவரை அரிக்கிறது, பிறகு சவ்வின் கொழுப்பை. சவ்வு ஓட்டையாகிப் பொட்டாசியம் வெளியே கசியும்வரை பாக்டீரியா ஊட்டத் தட்டில் வளரத்தான் செய்யும். அதன்பின் மடமடவென்று விழும், கடைசியில் ஒரு சிறு கூட்டம் இழுத்தடிக்கும். 0, 10, 20, 30, 45, 60, 90 நிமிடங்களில் மாதிரி எடு. பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 0.1 மில்லியைத் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் 24 மணி நேரம் வை. எண்ணிக்கையை லாக் அளவில் (பத்து மடங்குக்கு ஒரு படி) வரை. சாதாரண அளவில் வரைந்தால் இழுத்தடிக்கும் அந்த வால் பகுதி கண்ணுக்கே தெரியாது. மில்லிக்கு 10 லட்சம் இருந்தால் 99.9% செத்த பிறகும் 1,000 மிச்சம்!

ஒப்பீட்டுக்கு இரண்டு குடுவை கட்டாயம்: தூள் போட்டு இருட்டில் ஒன்று, தூள் இல்லாமல் வெளிச்சத்தில் ஒன்று. இருட்டிலும் எண்ணிக்கை இறங்கினால், பாக்டீரியா சாகவில்லை, தூளோடு ஒட்டி அடியில் படிந்துவிட்டது. பிஎச் 6.5 அருகே துகளின் மின்னூட்டம் சமனாகித் தூள் திரளும், அங்கேதான் இந்தத் தொல்லை அதிகம். பிஎச் மாறாமல் காக்கப் போடும் பாஸ்பேட் பஃபரும் வேண்டாம், அது துகளின் மேல்பரப்பை அடைத்துக்கொள்ளும்.

தேவகோட்டை: பெயிண்டுக்கு விற்கிற வெள்ளைப் பொடி மலிவாகக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். அது பெரும்பாலும் ரூடைல் என்ற வேறு படிக வகை. வெயிலில் பெயிண்டையே அரித்துவிடாமல் இருக்க சிலிக்கா, அலுமினா பூசியிருப்பார்கள். நமக்கு வேண்டிய குணத்தைத்தான் அங்கே அடக்கி வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர்: எங்கள் ஊரணித் தண்ணீர் செம்மண் கலங்கல். தூளை அதிகம் போடலாமா?

போட்டால் தூளே வெளிச்சத்தை மறைக்கும். லிட்டருக்கு 0.5 முதல் 1 கிராம் போதும். முதலில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, தெளிய வைத்து, மேல்தண்ணீரை இறுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய் வழியே பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால்தான் வெயிலில் வைக்கலாம். போர்வெல் தண்ணீர் தெளிவாக இருந்தும் வேலை மந்தமானால், பைகார்பனேட் ரேடிக்கலைத் தின்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கோட்டையூர்: அப்படியே குடிக்கலாமா?

தூள் கலந்ததைக் கூடாது. நானோ துகள் வேட்டித்துணியில் நிற்காது. குடிக்க என்றால், ஆய்வகத்தில் கண்ணாடியில் பூசி 450 டிகிரியில் சுட்ட தகடுதான் சரி. விரலால் தேய்த்து வெள்ளை ஒட்டினால் அந்தத் தகட்டை ஒதுக்கிவிடுங்கள். குளோரின் மாதிரி தண்ணீரில் தங்கிக் காவல் காக்கும் மருந்து இதில் எதுவும் இல்லை. அழுக்குச் சொம்பை விட்டு மொண்டால் கிருமி திரும்ப வரும், ஆகவே அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். உப்பும் ஃபுளோரைடும் இதனால் துளிகூடக் குறையாது.