நிலத்தை விற்காதீர்கள்

ஐயா,
மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். கட்-ஆஃப் 200க்கு 168. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள். பெண்ணுக்கு அது எதற்கு என்கிறார்கள் உறவினர்கள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்களாம். முக்கால் ஏக்கர் நிலத்தை விற்றால் கட்டிவிடலாம். செலவு குறைந்த நல்ல கல்லூரி வேறு உண்டா?
– ஒரு வாசகர், அரியலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

நிலத்தை விற்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால் இந்தச் சலுகை கிடையாது. மகள் படித்துச் சம்பாதித்த உரிமையை உதறிவிட்டு, மேற்கொண்டு நிலத்தையும் கொடுக்கப் போகிறீர்கள். உறவினர்களிடம் இவ்வளவு கேட்ட நீங்கள், அவள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பெண்ணுக்கு மெக்கானிக்கல் எதற்கு என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கா மகளுக்காக ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனேன். வரவேற்பறையில் பளிங்குத் தரை, வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள். ஒர்க்‌ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்றதும் சாவி தேடினார்கள். உள்ளே வரிசையாக இரும்பைக் கடையும் லேத் மெஷின்கள். இரும்பைப் பிடிக்கும் சக்கில், கம்பெனி தடவி அனுப்பிய கிரீஸ் அப்படியே காய்ந்திருந்தது. தரையில் ஒரு இரும்புச் சீவல் கூட இல்லை. பாவம், அந்தப் பிள்ளைகள் லேத்தை நோட்டில் படமாக வரைந்தே பாஸாகியிருப்பார்கள்.

அதனால்தான் எல்லோரிடமும் இதையே சொல்கிறேன்: வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். ஒர்க்‌ஷாப் திறந்திருக்கிறதா, எண்ணெய் வாடை அடிக்கிறதா, மாணவர்கள் கையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். கல்லூரி முதல்வரிடம் கேட்காதீர்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்கும் பெற்றோர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை நான்கு வருடம் புழங்கப்போகும் இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் பணம் கட்டுகிறார்கள்.

கல்லூரி கேட்டிருந்தீர்கள், சரி. காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, சேலம், திருநெல்வேலி, பர்கூர் அரசுக் கல்லூரிகள், மதுரை தியாகராசரில் அரசு உதவிபெறும் பிரிவு. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியையும் (ஜி.சி.டி.) கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் போடலாம். கட்-ஆஃப் எட்டுகிறதா என்று கவலைப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் குறிக்கலாம். அவளுக்கு அதிகம் பிடித்தது மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் கணினி இல்லையென்றால் மாவட்டத்திலேயே கலந்தாய்வு உதவி மையம் உண்டு. பட்டியலை அவளே நிரப்பட்டும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் உறவினர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.